துண்டு சூடாக்கிக்கு ஒரு கையெழுத்து

பொன்னுரங்கம் அன்று காலையும் நாற்பது விநாடி குளித்தான். குளியல் கூண்டுக்குள் கண்ணை மூடி நின்றால் நான்கு பக்கமிருந்தும் காற்று சீறும். காதுக்கு எட்டாத ஓர் ஒலி உடம்பை உலுக்கும். ஒட்டியிருந்த செந்தூசி உதிர்ந்து தரைச் சல்லடை வழியே போய்விடும். அவ்வளவுதான் குளியல். செவ்வாயில் பிறந்து நாற்பத்தொரு வயதாகியும் அவன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததில்லை. ஆனாலும் கூண்டை விட்டு வெளியே வந்ததும் துண்டை எடுத்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அழுத்தித் துடைத்தான். துடைக்காவிட்டால் குளித்த மாதிரியே இருக்காது. அவன் அப்பாவும் அப்படித்தான் துடைத்தார். துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் பனிக்கரைக் குடியிருப்பில் ஆண்கள் வேலைக்குப் போவார்கள். தோளில் துண்டு இல்லாதவன் குளிக்காதவன் என்றே ஊர் எடுத்துக்கொள்ளும்.

குறை ஒன்றுதான். குளியலறை வெளிச்சுவரை ஒட்டியிருந்ததால் துண்டு ஜில்லென்று கிடந்தது.

"ஒண்ணாம் வீட்டு ஆபத்சகாயம் துண்டு சூடாக்கி வச்சிட்டாரு," என்றான் மனைவியிடம். "நேத்து வண்டியில பக்கத்துல உக்காந்தாரு. தோள்லேருந்து கதகதன்னு வருது. எல்லாரும் அவரையே பாக்குறாங்க."

சுகுணவதி காளான் தட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். "தண்ணியே படாத உடம்பு. அதைத் துடைக்க ஒரு துண்டு. அதுக்கு இப்ப சூடு வேறயா?"

"உனக்கு எல்லாமே கேலி."

"கேலி இல்லங்க. அடுத்து, துண்டு ரொம்பச் சுடுதுன்னு விசிறி கேப்பீங்களோன்னு பயமா இருக்கு."

ஏற்கெனவே ஒரு மாதமாக அவன் மனம் துண்டு சூடாக்கியிலேயே இருந்தது. ஐந்து கம்பி வைத்ததா, ஏழு கம்பியா. சுவரில் பதிப்பதா, நிறுத்தி வைப்பதா. வாங்கியவர்கள் எழுதிய அபிப்பிராயங்களில் எண்ணூறைப் படித்துவிட்டான். வடதுருவத்தில் யாரோ ஒருவர், 'என் வாழ்க்கையே மாறிவிட்டது' என்று எழுதியிருந்தார். அதை மட்டும் நான்கு முறை படித்தான்.

தடையாக இருந்தது அனல்குழாய். அணு உலையிலிருந்து வரும் ஒரே குழாய்தான் அந்த வரிசையின் எட்டு வீடுகளையும் வரிசையாகத் தொட்டுப் போயிற்று. ஒவ்வொரு வீடும் தனக்கு வேண்டிய சூட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த வீட்டுக்கு விட வேண்டும். முதலில் குடியேறியவர்கள் செய்த ஏற்பாடு அது. அதற்கு அவர்கள் பூட்டும் போடவில்லை, அளவுமானியும் வைக்கவில்லை. ஒரே ஒரு விதி மட்டும் வைத்தார்கள்: புதிதாக ஏதாவது பொருத்துகிறவர், குழாயில் தமக்குக் கீழே இருக்கும் வீட்டார் எல்லாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

பொன்னுரங்கத்தின் வீடு ஏழாவது. கீழே இருந்தது ஒரே வீடு. அதில் அமலோற்பவம் தனியாக இருந்தாள். வெளியே வேலைக்குப் போகிறவர்களின் கையுறைகளுக்கு விரல் நுனி தைப்பவள். இயந்திரம் தைத்தால் விரல் மடங்குவதில்லை என்பதால் அந்த வேலை இன்னும் மனிதக் கையிலேயே இருந்தது.

அவன் மனைமதியைக் கேட்டான். வீட்டை நடத்தும் அந்த இயந்திர மூளை உண்மையை மட்டுமே பேசும். அதனால் யாரும் அதனிடம் அதிகம் கேட்பதில்லை.

"எட்டாம் வீட்டின் அறை குளிரும்," என்றது மனைமதி. "ஊசி பிடிக்கும் விரல்களுக்கு அது போதாது."

"கையெழுத்துக் கிடைச்சா சட்டப்படி சரிதானே?"

"சட்டப்படி சரி."

அவன் எள்ளுருண்டை டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு எட்டாம் வீட்டுக்குப் போனான். வெறுங்கையோடு போவது முறையில்லை என்று அவனுக்குத் தெரியும். அமலோற்பவம் சால்வையைப் போர்த்திக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். அவன் காற்றழுத்தத்தைப் பற்றிப் பேசினான், காளான் விளைச்சலைப் பற்றிப் பேசினான்.

"துண்டு சூடாக்கியா தம்பி?" என்றாள் அவள், ஊசியிலிருந்து கண் எடுக்காமல்.

"எப்படிக்கா தெரியும்?"

"மேல இருக்குற ஆறு வீடும் வந்தாச்சே. இனிப்பு வச்சுக்க இடமில்லை. நீங்களும்தான் ஆறு பேருக்கும் போட்டுக் குடுத்திருக்கீங்க. உங்க கையெழுத்துக்குக் கீழதானே நான் போட்டேன்."

பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவராகக் கையெழுத்துப் பலகையை நீட்டினார்கள். அவன் படிக்காமலே விரலால் கையெழுத்தைக் கிறுக்கினான். முகத்துக்கு நேரே எப்படி மாட்டேன் என்பது?

"உங்களுக்குக் குளிருமேக்கா. ஏன் போட்டீங்க?"

"குளிச்சிட்டு வந்த மனுசன் கொஞ்சம் கதகதப்பா இருக்கணும்னு கேக்குறான். வேணாம்னு சொல்ல வாய் வருமா?" அவள் பலகையை வாங்கிக் கையெழுத்திட்டாள். "ஆனா நீங்க ஒருத்தர்தான் எனக்குக் குளிருமான்னு கேட்டீங்க தம்பி. நல்லா இருங்க."

திரும்பி வரும்போது அவன் மனம் கொஞ்சம் உறுத்தியது. கையெழுத்தை அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தான். ஆறு வீடும் கையெழுத்து வாங்கிவிட்ட பிறகு தான் ஒருவன் விட்டுக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று அடுத்த நினைப்பு வந்தது. வீட்டு வாசலை அடைவதற்குள் உறுத்தல் நின்றுவிட்டது.

ஏழு கம்பிச் சூடாக்கி வந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரத்துக்கு அனுமதியில்லாததால் கற்பூர விளக்கின் படத்தைக் காட்டி, முதல் துண்டைப் போட்டார்கள். மறுநாள் வண்டியில் பொன்னுரங்கத்தின் தோளிலிருந்து கதகதவென்று வந்தது. யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லார் தோளிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

மூன்று வாரத்தில் வீடு குளிர ஆரம்பித்தது. குழாய் ஏழாம் வீட்டுக்கு வந்து சேரும்போது அதில் வெதுவெதுப்புதான் மிச்சம். அதையும் துண்டு சூடாக்கியே இழுத்துக்கொண்டது. சுகுணவதி இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு சமைத்தாள்.

"துண்டைத் தவிர வீட்டுல எல்லாம் ஜில்லுனு இருக்கு," என்றாள். "பேசாம எல்லாரும் அந்தக் கம்பியிலயே தொங்கிடலாமா?"

"இதுக்கு வழி இருக்கும்," என்றான் அவன். மனைமதியைக் கேட்டான்.

"இரண்டு வழி. துண்டு சூடாக்கியை நிறுத்தலாம். அல்லது அறை சூடாக்கி ஒன்று பொருத்தலாம். அது குழாயில் வருவது அத்தனையையும் எடுத்துக்கொள்ளும். கீழ்வீட்டுக் கையெழுத்து வேண்டும்."

பொன்னுரங்கம் முதல் வழியைக் காதில் வாங்கவில்லை.

அன்று முற்பகலே பலகையோடு எட்டாம் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. தைக்காத கையுறைகள் மேசையில் குவிந்திருந்தன. அமலோற்பவம் கைகளை அக்குளில் செருகி உட்கார்ந்திருந்தாள்.

"கையெழுத்துத்தானே, போடுறேன் தம்பி. ஆனா விரல் மடங்க மாட்டேங்குது. பத்து நாளா வேலையும் ஓடல."

அவன் அவள் கையைத் தொட்டுப் பார்த்தான். பனிக்கட்டி. அவனுக்கு மனசு கரைந்தது. அவன் கெட்டவன் இல்லை. தோளிலிருந்த சூடான துண்டைச் சட்டென்று எடுத்தான். இரண்டு கைகளையும் அதில் பொதிந்து, விரல் விரலாக மெல்லப் பிடித்துவிட்டான். அமலோற்பவத்தின் கண் கலங்கியது. "பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாது," என்றாள்.

சற்று நேரத்தில் விரல்கள் இளகின. கையெழுத்துத் தெளிவாக விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் சுகுணவதியிடம் நடந்ததைச் சொன்னான். "வீணுன்னு சொன்னியே. இந்தச் சூடாக்கி இல்லேன்னா இன்னிக்கு அவங்க கையை எதை வச்சு நான் சூடாக்கியிருப்பேன்?"

சுகுணவதி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நாளையிலேருந்து அவங்க வீட்டுக்கு எதுங்க போகும்?"

"அதான் தினமும் ஒரு தடவை போயி துண்டைக் குடுத்துட்டு வரலாம்னு இருக்கேன்," என்றான் பொன்னுரங்கம், கனிவாக.

பிறகு சாமி மாடத்தின் முன் நின்று, தன்னையும் ஒரு நல்ல காரியத்துக்குக் கருவியாக்கிய கடவுளுக்கு மனமுருகி நன்றி சொன்னான். அமலோற்பவத்தின் கை பட்டு ஆறிப்போயிருந்த துண்டைத் திரும்பக் கம்பியில் விரித்துப் போட்டான்.