112ஆம் சீட்டில் யார்?

டிரிங்... டிரிங்...!

கமலாதேவி ஓடிப்போய் எடுத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து மகள்.

"அம்மா, இண்டைக்குக் கப்பல் ஏறுறீங்கள்தானே?"

"ஓம் பிள்ளை! பின்னேரம். 112ஆம் சீட்!"

2007. யாழ்ப்பாணப் பாதை பூட்டி ஒரு வருடம். கப்பலை விட்டால் வேறு வழியில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் பயணிகளின் பெயர் பதியும் கந்தோரில்தான் கமலாவுக்கு வேலை. ஊரையே கப்பலேற்றியவளுக்கு இன்றைக்குத்தான் ஓர் இடம் கிடைத்தது. நாளை மறுநாள் மகளுக்கு ஒப்பரேஷன்!

ரிசீவரை வைத்துத் திரும்பினாள். பக்கத்துக் கதிரையில் கூட வேலை செய்யும் குலசிங்கம். அவனுடைய திரையில்...

112 - ஞானமணி.

"தம்பி... அது உன்ட மனிசியின்ர பேரெல்லே?"

"ஓம் அக்கா. உங்கட பேரை எடுத்துப்போட்டு அவளைப் போட்டனான்."

"டேய்! என்ட பிள்ளைக்கு ஒப்பரேஷன்டா!"

"அவளும் ஊருக்குப் போகோணும். அடுத்த கப்பல் எப்பவெண்டு ஆருக்குத் தெரியும்?"

"இந்த வேலையை உனக்குப் பழக்கினதே நான்! என்ட சாப்பாட்டுப் பெட்டியில பாதி திண்டவன்தானே நீ!"

"கத்தி வேலையில்லை அக்கா. கடைசி லிஸ்டை நீங்கள்தான் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவரோணும். நான் கப்பல் ஜெட்டிக்குப் போறன்."

போய்விட்டான்! படுபாவி!

கமலா அழுதாள். மேசையில் ஓங்கிக் குத்தினாள். கடமை என்று ஒன்று இருக்கிறதே... மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் கொம்பியூட்டரில் பட்டியலைத் திறந்தாள்.

112 - கமலாதேவி!

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அவளேதான்!

குலசிங்கத்தின் திரையை எட்டிப் பார்த்தாள். 'கொமிட்' என்று அடித்து முடிக்க வேண்டிய கடைசி வரி காலியாக இருந்தது.

"அட, மடையா..."

அவனுடைய கொம்பியூட்டரின் வயரைப் பிடுங்கினாள். பட்டியலைப் பிரிண்ட் எடுத்தாள். ஓடினாள்!

ஜெட்டியில் அதிகாரி தாளைப் புரட்டினார்.

"ஞானமணியா? அப்படி ஒரு பேர் இல்லை. 112... கமலாதேவி!"

குலசிங்கம் தாளை எட்டிப் பார்த்தான்.

"அக்கா! மாத்தினதை என்ட கண்ணால பார்த்தனான்!"

"உன்ட ஸ்கிரீனில பார்த்தனீ. கொமிட் குடுத்துப் பதியுமட்டும் மாத்தினவனுக்கு மட்டும்தான் அது தெரியும். மற்ற எல்லாருக்கும் பழைய பேர்தான். நீ குடுக்காமல் எழும்பிப் போட்டாய். நான் வயரைப் புடுங்கினன்... எல்லாம் பழையபடி!"

ஞானமணி புருசனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

கமலா பையைத் தூக்கிக்கொண்டு ஏணிப்படி ஏறினாள். பாதியில் திரும்பினாள்.

"கொமிட் குடுக்காமல் கதிரையை விட்டு எழும்பாதே எண்டு எத்தினை தரம் சொன்னனான்... நல்லகாலம்டா தம்பி, நான் சொன்னதை நீ ஒருநாளும் கேட்டதில்லை!"