மூன்று ஹாரன்

காலையில் விளிம்பு வரை நிரப்பிய வீட்டுத் தொட்டி, சாயங்காலம் வறண்டு கிடந்தது. அடியில் பாசிகூட இல்லை. யாரோ வழித்துத் துடைத்ததுபோல் இருந்தது.

"நீ எடுத்தியா?" என்று கேட்டான் தண்ணி லாரி டிரைவர்.

"ஒரு குடம்கூட எடுக்கல. பகல் முழுக்க அம்மா வீட்லதான இருந்தேன். தம்பி போனதுலேருந்து அவங்கள தனியா விட முடியல," என்றாள் மனைவி.

அவள் தம்பியை யானை மிதித்து எட்டு நாளாகிறது. காட்டுத் தொட்டியில் தினமும் தண்ணீர் ஊற்றியும் யானைகள் ஏன் ஊருக்குள் இறங்குகின்றன என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. டிரைவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வனத்துறையின் திட்டம் நல்ல திட்டம்தான். காலையும் சாயங்காலமும் காட்டுத் தொட்டிக்குப் போய் மூன்று முறை ஹாரன் அடித்து, யானைகள் விலகியதும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். சத்தம் கேட்டால் ஊருக்கும் நிம்மதி. ஆனால் டிரைவர் ஒரு மாதமாகக் காட்டுப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஊருக்கு வெளியே தனியாக இருந்த தன் வீட்டுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்துவிட்டு, தன் தொட்டியை நிரப்பி வாழைக்குப் பாய்ச்சினான். மச்சானைப் பாடையில் தூக்கியபோதுகூட உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. அன்றிலிருந்து கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது.

ஊர் காத்திருக்குமே என்று லாரியில் ஏறினான். பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு ஹாரனை மூன்று முறை அமுக்கினான்.

காற்றே இல்லாத அந்த மங்கிய வெளிச்சத்தில் புழுதியும் பச்சைச் சாணமும் கலந்த வாடை மெல்ல மெல்ல ஏறிவந்தது, வாழைக்குள் துணி கிழிப்பதுபோல் இலை கிழியும் சத்தம் வரிசை வரிசையாக நெருங்கிவந்தது, காதுக்கு எட்டாத ஏதோ ஒரு உறுமல் சீட்டுக்கடியில் அதிர்ந்தது.

ஒரு முதுகு தெரிந்தது. இன்னொன்று. ஐந்து. ஒன்பது.

ஓடவில்லை. பிளிறவில்லை. அழைத்த வீட்டுக்கு வருவதுபோல் வந்தன.

மனைவி வெறுங்குடத்தோடு தொட்டியருகே நின்றிருந்தாள். அவள் கத்தவில்லை.

"ஹாரன் அடிச்சா இங்க வரணும்னு இதுங்களுக்கு யாருங்க பழக்கிவிட்டது?"

அவன் ஹாரனிலிருந்து கையை எடுத்தான்.

முதுகுகள் நெருங்கின. முதலில் குடம் மறைந்தது. பிறகு அவள் தோள். பிறகு, அவனையே பார்த்திருந்த அவள் கண்.

சத்தமே இல்லை.

ஜன்னல் வழியாக ஒரு துதிக்கை உள்ளே வந்தது. முழங்காலைத் தடவியது. மார்பைத் தடவியது. ஈரம் காயாத அவன் உதட்டில் வந்து நின்றது.