மூன்றாம் ஜாடியின் கயிறு

மூன்றாம் ஜாடியின் மூடியைச் சுற்றிப் பூசிய களிமண் நனைந்திருந்தது. இரண்டு வாரமாக மழையே இல்லை.

தேய்த்துக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்தாள் அங்கம்மா. ஷெட்டுப் பக்கமிருந்து விருந்தாளிகளின் சிரிப்பும் கோப்பைகள் மோதும் ஓசையும், புளித்த திராட்சைத் தோலின் வாடையும் பிற்பகல் புழுக்கத்தில் மிதந்து வந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில், அவள் பாதத்துக்குக் கீழே, மண்ணுக்குள் ஏதோ உரசியது.

அந்தமானின் பாம்பூஃப்ளாட் சரிவில் இருந்த அந்த ரிசார்ட் நந்தகுமாருடையது. ஜார்ஜியாவில் குடும்பம் குடும்பமாக வைத்திருக்கும் திராட்சைத் தோட்டங்களில் பன்னிரண்டு நாள் சுற்றிக் குடித்துவிட்டு வந்தவன், அங்கே செய்வது போலவே ஒயின் ஊறவைக்க ஆள் உயரத்தை மிஞ்சும் மண்ஜாடிகளைக் கழுத்துவரை புதைக்கச் சொன்னான். குழி தோண்டியது அங்கம்மாவும் அவள் புருஷன் பெரியதம்பியும். ஜாடியைக் கழுவ ஆள் உள்ளே இறங்க வேண்டும். இடுப்பில் நீலக் கயிறு. மேலே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். மூன்று முறை சுண்டினால் தூக்க வேண்டும்.

போன மாதம் பெரியதம்பி இறங்கினான். "உள்ள மூச்சு விட்டாலே போத ஏறுது புள்ள. சம்பளமும் குடுத்து சரக்கும் குடுக்குறாரு தொர" என்று சிரித்தான்.

"அங்கம்மா! ஜல்தி! கெஸ்ட் வந்தாச்சு, தட்டு எடு!" அன்றைக்கும் ஷெட்டிலிருந்து நந்தகுமார் கத்தினான்.

பிடித்திருந்த கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போனாள். அந்த ஒரு தப்பு. திரும்பி வந்தபோது ஜாடியில் திராட்சைச் சாறு நிறைந்து, மூடி பூசப்பட்டிருந்தது. கம்பத்தில் அறுந்த முடிச்சு மட்டும்.

"உன் ஆள் கப்பலேறி மெயின்லேண்டுக்கு ஓடிட்டான்" என்றான் நந்தகுமார்.

பெரியதம்பியின் செருப்பு ஜாடியோரமே கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

இப்போது ஈரக் களிமண்ணைப் பிளந்துகொண்டு ஒரு நீலநுனி நீட்டியது. சுண்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் கை மண்வெட்டியைத் தேடியது.

"அரே பாகல்! பைத்தியமா? அதத் தொடாத!" ஷெட்டிலிருந்து நந்தகுமார் ஓடி வந்தான்.

"எம் புருஷன் எங்க?"

"சொன்னேன்ல, கப்பல்ல..."

"செருப்பு போடாமயா கப்பலேறுனான்? சொல்லுடா!"

வெட்டினாள். கல்மூடி சரிந்தது. உள்ளே கருஞ்சிவப்பு. அழுகல். மூச்சு முட்டியது.

நந்தகுமார் கயிற்றைப் பிடித்து உள்ளே திணித்தான். கயிறு அவன் மணிக்கட்டைச் சுற்றியது. இறுகியது.

"அங்கம்மா... பிடி!"

அவள் பிடித்தாள். கயிற்றின் நுனியை. கம்பத்தில் கட்டினாள்.

உள்ளிருந்து கயிறு இழுக்க, அவன் தலைகீழாக உள்ளே போனான். ஒரு சத்தம். பிறகு குமிழிகள்.

"யாராவது ஊத்துங்கப்பா!" ஷெட்டில் ஒரு குரல். சிரிப்பு.

ஜாடியின் விளிம்பில் ஒரு கை வந்தது. தோல் வழன்ற கை. தரையைத் தடவியது. செருப்பைத் தொட்டது. நின்றது.

கம்பத்தில் கட்டிய கயிறு மட்டும் உள்ளிருந்து சுண்டிக்கொண்டேயிருந்தது. மூன்று முறை. மறுபடி மூன்று முறை.