ஒரு வீட்டுக்கு ஒரு ஆள்

"இந்த மாசத்துல இருந்து உனக்குச் சம்பளத்தக் குறைச்சிட்டாங்களாமே... அதையும் என் தம்பி சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

காலைச் சாப்பாட்டில் கை வைத்ததுமே புருஷன் ஆரம்பித்துவிட்டான். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பதினோரு வருஷம் மருந்துக் கிடங்கில் பெட்டி தூக்கிய முதுகு, நிமிரவே யோசித்தது.

"பெட்டி தூக்க மெஷின் வந்திடுச்சுங்க. இனிமே கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்களுக்குத்தான் மதிப்பு."

"தெரியுதுல்ல? அதே கிடங்குல, நேத்து வந்த என் தம்பி பொண்டாட்டி உன்னவிட ரெண்டு மடங்கு வாங்குறா! மூணு வருஷம் முன்னாடி உன்னத்தான் கம்ப்யூட்டர் பயிற்சிக்குக் கூப்பிட்டாங்க. பயமா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு வந்த... சோம்பேறி!"

சோம்பேறியாம்! அந்த வீட்டில் நாலு மணிக்கு எழுந்திருப்பவள் அவள் ஒருத்திதான். தூங்குகிறவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது! அவள் கண் கலங்கியது.

கதவோரம் நின்ற ஓரகத்தி, அந்தத் தம்பி பொண்டாட்டிதான், வெடித்தாள்.

"போதும் மாமா! அக்கா பயப்படல... பயிற்சிக்கு ஒரு வீட்டுக்கு ஒரு ஆளத்தான் எடுப்போம்னாங்க. நான் அப்ப ஏழு மாசம். பெட்டி தூக்க முடியலன்னா வேலைய விட்டே அனுப்பிடுவாங்க. அதனாலதான் அக்கா பொய்யா எழுதிக் குடுத்துட்டு என்னை அனுப்பினாங்க! வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டாங்க. எனக்கும் சௌகரியமா இருந்துச்சு... சும்மா இருந்துட்டேன். என்னை மன்னிச்சிடுக்கா!"

ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மூத்தவளும் அழுதாள். அந்த அழுகையில் பாசம் பாதி. நானே சத்தியம் வாங்கியிருந்தாலும், இத்தனை நாள் ஏன்டி வாய் திறக்கல என்ற கோபம் பாதி.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே..." புருஷனின் குரல் இறங்கிவிட்டது.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"நான் வீட்டுலயே சொல்லித்தரேன்க்கா."

"வேணாம்மா. வீட்டுல கத்துக்கிட்டா நடுவுல இருபது தடவ அடுப்படிக்கு ஓடணும். இப்ப ஒரு வீட்டுல எத்தன பேர் வேணாலும் சேரலாமாம். சாயங்கால வகுப்புக்கு இன்னிக்கே பேர் குடுக்கப் போறேன். ஆறு மாசத்துக்கு ராத்திரிச் சமையல் யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

முகத்தைக் கழுவி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாப்பிட்டு எழுந்தவன் வழக்கம்போலத் தட்டை நீட்டினான். வாங்கிக்கொள்ள அவள் இல்லை. தானே போய்க் குழாயைத் திறந்தான்.