பதினேழாம் எண் வங்கி

டெலிபோன் அலறியது.

ரோஸ்மாவதி எடுத்தாள்.

"ஹாக் செங் வழுக்கி விழல..." கரகரத்த குரல். "அவர் விட்டுட்டுப் போன கணக்கைத் தொட்டா, அதே படியில நீயும் கிடப்பே."

வைத்துவிட்டார்கள்.

மதியம் சாப்பிடக் கிளம்பிய இயக்குநர் ஹாக் செங், அவசரப் படிக்கட்டில் கழுத்து முறிந்து கிடந்தார். இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சிங்கப்பூரின் ஷென்டன் வே சாலையில் முப்பத்தோராம் மாடி. அவர்கள் மொத்தமே மூன்று பேர். எந்த நாட்டு வங்கி எந்த நாட்டு வங்கிக்குக் கடன் கொடுத்திருக்கிறது என்று வலைபோல வரைந்து, ஒன்று சாய்ந்தால் கூடவே எத்தனை சாயும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது வேலை. வங்கிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பதினேழாம் எண் சாய்ந்தால் ஆறு நாடுகள் ஆடிப்போகும் என்று நேற்றுத்தான் ஹாக் செங் அவளிடம் கிசுகிசுத்தார். அறிக்கை மேலிடத்துக்குப் போனால் அந்த வங்கிக்குப் பூட்டு.

மூன்றாவது ஆள் பெங் சூன் ஓடி வந்தான். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தான். போலீஸ் பக்கத்து அறையில்தானே இருக்கிறது, போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தாள்.

"உங்க பிள்ளைங்களை நெனச்சுப் பாருங்க ரோஸ் அக்கா. ஹாக் செங் கணக்கே தப்பு. வங்கிங்க திருத்தி அனுப்பின விவரம் இதோ வந்துடுச்சு. பதினேழு சாஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. இதை அனுப்பிடுங்க... யாரும் உங்க பக்கம் வரமாட்டாங்க."

பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரம். ஃபைலைத் திறந்தாள். அனுப்ப விரலை வைத்தாள்.

விரல் நின்றது.

பத்தொன்பது வங்கிகள். ஒவ்வொன்றும் மற்ற பதினெட்டுக்கும் கடன் கொடுத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக... ஒன்றுகூட விடாமல்!

எந்த வங்கி அப்படிக் கொடுக்கும்? நிஜ வங்கிகள் பழகிய நாலு இடத்துக்குத்தான் போகும். விவரம் கிடைக்காத கட்டங்களை எல்லாருக்கும் பரப்பி நிரப்புவது, கணக்குப் போடுகிறவர்களின் கைப்பழக்கம்.

இது வங்கிகள் அனுப்பியதல்ல. இந்த அறையின் பழக்கம்.

மூன்று பேரில் ஒருவர் பிணம். ஒருத்தி அவள்.

முதுகுக்குப் பின்னால் கதவு தாழ் விழுந்தது.

"கண்டுபிடிச்சிட்டீங்க, இல்ல?" பெங் சூன் மேஜை விளக்கின் வயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். "உங்க முகத்துல ஒண்ணும் மறையாது அக்கா."

ரோஸ்மாவதி அவனை நேராகப் பார்த்தாள்.

"சரி... என்னையும் எடுத்துடு. எடுத்துட்டு வலையைப் பாரு. ஹாக் செங் மட்டும் போனா விபத்து. நானும் போயிட்டா, எல்லாக் கோடும் யார்கிட்ட போய் முடியும்?"

அவன் யோசித்தான். பாவம், கணக்கு என்று ஒன்று கேட்டுவிட்டால் போட்டுப் பார்க்காமல் இருக்கத் தெரியாத பிறவி. கண்கள் கூரையைப் பார்த்தன.

அந்த மூன்று விநாடி அவளுக்குப் போதுமாயிருந்தது. அவனைத் தாண்டிப் போய்த் தாழை இழுத்து, தாழ்வாரம் அதிர அலறிக்கொண்டு ஓடினாள்.

துரத்தி வந்தவன் இன்ஸ்பெக்டர் சுல்கிஃப்லியின் மார்பில் போய் மோதினான். வயர் கீழே விழுந்தது. பதினேழாம் எண்காரர்கள் வாங்கித் தருவதாகச் சொன்ன வீடு தொடங்கி, படியில் தள்ளியது, குரலை மாற்றி டெலிபோனில் மிரட்டியது வரை, அழுதுகொண்டே கொட்டிவிட்டான்.

"பன்னெண்டு வருஷ சர்வீஸ் சார். ஒரே ஒரு தப்புதான் பண்ணினேன்..."

இன்ஸ்பெக்டர் நிதானமாக விலங்கை மாட்டினார்.

"பரவால்ல தம்பி. உனக்குக் கழுத்தும் ஒண்ணுதானே."