கடைசி மூட்டைச் சருகு

பல்பை அணைத்து வெகு நேரமாகியும் சருகின் மேல் சூடு குறையவில்லை. பிரம்மநாயகம் தகரப் புனலுக்கு மேல் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். தோசைக்கல்லுக்கு மேல் காட்டியது போலிருந்தது. வெளியே செம்பூர் முழுக்கப் பிற்பகல் மழை கொட்டிக்கொண்டிருக்க, ஜன்னல் கம்பியெல்லாம் சொட்டிக்கொண்டிருக்க, இந்த அறைக்குள் மட்டும் சித்திரை வெயில்.

அவர் கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவர். தாணேக்கு மேலே காட்டில், ஒரு பாறைப் பள்ளத்துச் சருகுக்குள், கடுகில் பாதி இருக்கும் சிலந்தி ஒன்று அகப்பட்டிருந்தது. உலகத்தில் எவரும் இன்னும் பெயர் வைக்காதது. ஆனால் கிடைத்ததெல்லாம் பெண். ஆணையும் சேர்த்து விவரித்தால்தான் கட்டுரைக்கு மதிப்பு என்று மறுபடி மறுபடி போய் அள்ளி வந்தார். அள்ளிய சருகைப் புனலில் கொட்டி மேலே பல்பைத் தொங்கவிடுவது இந்தத் தொழிலின் வழக்கம். மேலே காயக் காய, உள்ளே இருப்பவை குளிர்ச்சியைத் தேடிக் கீழே இறங்கும். இறங்கி, அடியில் வைத்த ஸ்பிரிட் சீசாவில் விழும். சரக்கு தானாக நடந்து கடைக்கு வரும் என்று மாணவர்களிடம் சிரிப்பார். தாராவித் தோல் மண்டியில் வளர்ந்தவர் வேறெப்படிச் சொல்வார்?

அவரோடு ஆய்வு செய்யும் ஷைஸ்தா மதியம் கோபர்கைரனேயிலிருந்து போன் செய்திருந்தாள்.

"அண்ணே, அந்தப் பள்ளத்துல பாதியாவது விட்டு வச்சியளா?"

"பாதி அப்படியேல்லா கெடக்கு."

"அது வேற எங்கயும் இல்லண்ணே. பாத்துக்கிடுங்க."

பாறை தெரியும்வரை வழித்தெடுத்திருந்தார். அதில் கடைசி மூட்டைதான் புனலில் இருந்தது. போனை வைத்ததும் மனசாட்சி பேரத்துக்கு உட்கார்ந்தது: இப்போதே கொண்டுபோய்க் கொட்டு, இன்னும் நாலு உயிராவது பிழைக்கும். ஒரே ஒரு ஆண் விழட்டும் என்று இவர் இழுத்தார். சாப்பிட்டு எழும்வரை இழுத்தார். பெண்களாகவே விழுந்தன. பிறகுதான் பல்பை அணைத்தார்.

அதற்குள் அவர் மனைவி நாகலக்ஷ்மி முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"வீடு ஏன் இப்படிக் காந்துது? நான் செத்த கீழ போயி நின்னுட்டு வாரேன்."

போனவள் திரும்பவில்லை.

இப்போது அவர் பிளக்கையும் பிடுங்கினார். சருகு மொறுமொறுத்துக் கொண்டேயிருந்தது. பிடரியில் சூடு இறங்கியது; அண்ணாந்தால் வெறும் கூரை, ஆனால் கண் கூசியது. போதும், கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்று சருகை வாரி மூட்டையில் திணித்துக்கொண்டு படியிறங்கினார்.

ஒரு தளம் இறங்கியதும் குளிர்ச்சி பட்டது. உயிர் வந்தது போலிருந்தது. இன்னும் ஒரு தளம். பக்கத்து வீட்டுக் கதவுகளைக் காணோம். மழைச் சத்தமும் இல்லை. தோள்கள் இரண்டு பக்கச் சுவரிலும் உரசின. சுவர் வழவழப்பாக இருந்தது. தகரம்.

பிறகு அந்த வாடை. ஸ்பிரிட்.

நின்றார். இது என்னவென்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் ஊரில் இல்லை. இறங்கக் கூடாது. ஏற வேண்டும். திரும்பினார். மேலே வெள்ளை வெளிச்சம். முகம் வெந்தது. இமை பொசுங்கியது. கால் தானாகக் கீழே போனது. இன்னொரு கால். என்ன சுகமான குளிர்ச்சி.

படிகள் முடிந்திருந்தன. சரிவு மட்டும். அடியில் வட்டமாக ஒரு கறுப்பு, அசையாமல்.

மூட்டை கை நழுவி உருண்டது. சருகெல்லாம் அதன்மேல் பரவி மிதந்தது.

சருகின் நடுவே நாகலக்ஷ்மி. வெளுத்துப்போய். கை கால்களை மார்போடு மடக்கி. கண் திறந்திருந்தது. மெதுவாக அவர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அவர் குதிகால் வழுக்கியது.