ஏஸும் ஐந்தும் ஏமாற்றும்!

“வீல்ல்ல்...!”

நெவேனாவின் அலறலில் ப்ளோவ்டிவ் நகரின் அந்த எட்டு மாடிக் குடியிருப்பே அதிர்ந்தது.

சமையலறைத் தரை முழுக்கச் சிவப்பு!

குனிந்தாள். தொட்டாள். முகர்ந்தாள்.

ரத்தமில்லை. லூட்டெனிட்சா! மிளகாய்த் தொக்கு ஜாடி உடைந்து கிடந்தது. அண்ணன் ஓக்னியானைத்தான் காணோம்.

போன் கதறியது. கரகர குரல்.

“உன் அண்ணன் எங்க கையில. போலீஸுக்குப் போனே... பொணம்தான் வரும்!”

மேல்வீட்டு ஸ்டாமென் மூச்சிரைக்க ஓடிவந்தார். “என்னம்மா சத்தம்?”

சொன்னாள். அழுதாள். “எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான் மாமா!”

“அழாதே. நான் இருக்கேன்ல?” எதிரே, சமையலறை மூலையிலிருந்த சோபாவில் சரிந்து, செல்போனை நோண்ட ஆரம்பித்தார்.

மேஜைமேல் லேப்டாப் ‘டிங்’ என்றது. ஆன்லைன் போக்கர் சீட்டாட்டப் போட்டியின் இறுதி மேஜை! அண்ணனும் தங்கையும் முட்டி மோதித் தகுதி பெற்ற ஆட்டம். பழக்க தோஷத்தில் ரெண்டு சுற்று ஆடியவள் துள்ளினாள்.

“மாமா! அண்ணன் பேர்ல யாரோ ஆடறாங்க!”

“அவனே ஆடலாமே?”

“சான்ஸே இல்ல! கடைசியா ஆடற இடத்துல உக்காந்து நான் பந்தயத்தை ஏத்தறேன். இந்த ஆள் சும்மா எனக்குச் சமமா வெச்சுட்டு வேடிக்கை பாக்கறான். அண்ணன்னா ஒண்ணு சீட்டைத் தூக்கிப் போடுவான்... இல்லேன்னா எனக்கும் மேல ஏத்துவான். அதுவும் மேஜை நடுவுல பொதுச் சீட்டு விரியறதுக்கு முன்னாடியே!”

ஸ்டாமென் தொண்டையைச் செருமினார். “பெரிய சீட்டு வந்தா மட்டும்தானே அப்படி ஏத்தணும்?”

“ஐயே! கடைசி இடத்துல இருக்கறவ பாதி நேரம் குப்பையை வெச்சுக்கிட்டுத்தான் ஏத்துவா. அவளை விரட்ட ஏஸும் ஒரு சின்னச் சீட்டும் போதும். ஏஸ், அஞ்சு மாதிரி!”

“அடடே...!”

கடைசி இடம் மறுபடி அவளிடம் வந்தது. கையில் ரெண்டு ராஜா! ஏற்றினாள்.

‘அண்ணன்’ திருப்பி ஏற்றினான். மூன்று மடங்கு!

நெவேனா திரையை முறைத்தாள். அதுவரை ஒருமுறைகூட மேலே ஏற்றாத ஆள்! திடீரென்று எப்படி? பாடம் நடந்தது இந்த அறையில்... கேட்டது ஒரே ஒருத்தர்!

மெல்ல நிமிர்ந்தாள்.

ஸ்டாமெனின் கட்டைவிரல் செல்போன்மேல் துடித்துக்கொண்டிருந்தது.

இருந்த பந்தயப் பணம் மொத்தத்தையும் தள்ளினாள். கட்டைவிரல் அசைந்தது. ‘அண்ணன்’ சம்மதித்தான். அவன் சீட்டுகள் திரையில் விரிந்தன.

ஏஸ். ஐந்து!

அடுப்பிலிருந்த வாணலியை உருவினாள்.

ணங்ங்!

“எங்கே என் அண்ணன்?”

“அய்யோ... நிலவறையில! முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பின்னால! பாஸ்வேர்டைப் பிடுங்கிக்கிட்டுக் கட்டிப் போட்டேன். ஒரு தடவையாவது இறுதி மேஜையில ஆடணும்னு ஆசைம்மா...”

தடதடவெனப் படியிறங்கினாள். ஓக்னியான் உயிரோடு, உப்புத் தண்ணீரில் நனைந்து கிடந்தான். வாய்க்கட்டைப் பிரித்ததும் கேட்டான்.

“ஜெயிச்சியா?”

“எருமை! நீ செத்துட்டேன்னு நெனச்சேன்டா!” கட்டிக்கொண்டு அழுதாள். சிரித்தாள்.

போலீஸ் வந்தது. விலங்கு மாட்டிய கையால் புடைத்த தலையைத் தடவியபடி ஸ்டாமென் முணுமுணுத்தார்.

“நீ சொன்ன மாதிரியேதானேம்மா ஏத்தினேன்... எங்கே தப்பு?”

“அதுக்கும் மேல நான் ஏத்தினா, சீட்டைப் போட்டுட்டு ஓடிடணும் மாமா. பாதிப் பாடத்துலயே பரீட்சை எழுத உக்காந்தா எப்படி?”